மிஷினு வேலைக்குப் போயிருச்சு

ஜனவரி 4, வியாழன்

இன்று முதல் எல்லாவற்றையும் குறித்து வைக்கப் போகிறேன். மில்லில் முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். எழுதி வைக்காத சோதனை சோதனையே அல்ல என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். மகள் மைதிலிக்கு ஐந்து மாதம் முடிகிறது. வளைகாப்பு பிப்ரவரி 22. இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது முறை நடந்தபோதுதான் அவள் அம்மா வசந்தாமணி, "ஏழாம் மாசம் நீ இதத்தான் போடோணும்" என்று சொல்லி அரக்கு நிற ரவிக்கையில் மாதுளங்கொடி தைக்க ஆரம்பித்தாள். சாயம் போடாத பட்டு நூலில். வலது கை முழுவதும் தைத்துவிட்டாள். இடது கையில் கொடி பாதி ஏறியிருந்தபோது, போன மே மாதம் போய்விட்டாள்.

நூல் கடையில் வாங்கியது அல்ல, அவளே நூற்றது. அடுத்த தெருவில் ஆரி வேலைக் கடை வைத்திருக்கும் ஹசீனா மீதியைத் தைத்துத் தருவதாகச் சொல்கிறாள். கடை நூலில் ஒரு பழம் தைத்தும் பார்த்தாள். ஒட்டுப் போட்ட மாதிரி தனியாகத் தெரிந்தது. மைதிலி அதைப் பார்த்து அழுதுவிட்டாள். "அம்மா நூல்லயே முடிஞ்சாத்தானுங்கப்பா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண். இந்த நேரத்தில் அவளிடம் நியாயம் பேச எனக்குத் தெம்பில்லை.

நூல் சுற்றிய கோனில் மீதி இருப்பது 11 மீட்டர். வேண்டியது 60. வசந்தா அவித்துப் பிரித்து வைத்த பட்டுப் பஞ்சு ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஆனால் எதில் நூற்றாள்? பரண், பீரோ, கட்டிலடி எல்லாம் தேடிவிட்டேன். வீட்டில் நூற்கும் கதிர் ஒன்றுகூட இல்லை. நூற்பாலையில் வேலை பார்த்தவன் வீட்டில், பெண்டாட்டி எதில் நூற்றாள் என்று தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஜனவரி 6, சனி

காதிக் கடையில் பித்தளைத் தக்ளி வாங்கினேன். "பேரனுக்குப் பள்ளிக்கூடத்துல கேட்டாங்களா?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஜனவரி 9, செவ்வாய்

தக்ளி சரிவரவில்லை. பட்டுப் பஞ்சு வழுக்குகிறது. கனத்தில் இழை நீண்டு அறுந்து, தக்ளி தரையில் விழுந்து உருளும். இன்று மட்டும் நாற்பது தடவை குனிந்தேன். ஆறடி இரண்டங்குலம் உயரமுள்ளவன் குனிவது சாமானிய விஷயமல்ல. வந்த நூலும் முடிச்சும் முண்டுமாக இருக்கிறது. கழிவு.

ஜனவரி 13, சனி

மரத்தில் கடைந்த கைக்கதிர் ஒன்று, பெட்டி ராட்டை ஒன்று வாங்கினேன். கதிரில் கொஞ்சம் தேவலை. ராட்டையில் இன்னும் தேவலை. ஹசீனாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு இலை தைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. ஆனா அக்கா நூலு இல்ல" என்றாள். அது எனக்கே தெரிந்தது. வசந்தாவின் இலை வெளிச்சத்தில் அலை அலையாக மின்னும். என்னுடையது ஒரே சீராக, மில் நூல் மாதிரி கிடக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிட்டேன். மூன்று நாளைக்கு வரும்.

ஜனவரி 19, வெள்ளி

மின்சாரத்தில் ஓடும் சிறு நூற்பு இயந்திரம் தபாலில் வந்தது. அருமையான நூல். அதனாலேயே பயன்படாது.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். வசந்தாவின் நூலில் ஒரு துண்டை வெட்டி மில் காலத்து ட்விஸ்ட் டெஸ்டரில் மாட்டி முறுக்கை எண்ணினேன். கருவியிலிருந்து வந்த நூலில் முறுக்கு தொடர்ச்சியாக இருக்கும். இவள் நூலில் கொஞ்ச தூரம் இறுக்கம், பிறகு தளர்ச்சி, மறுபடி இறுக்கம். விட்டு விட்டு, ஒவ்வொரு இழுப்பாக முறுக்கியிருக்கிறாள். அந்த அலை மினுமினுப்பு அதனால்தான். ராட்டை கிடையாது, கதிர் கிடையாது.

பூதக்கண்ணாடியில் இன்னும் இரண்டு விஷயம் பார்த்தேன். நூலுக்குள் சாம்பல் மாதிரி நுண்ணிய தூசி. கூடவே சிறியதாய், கறுப்பாய், சுருண்ட ஒரு ரோமம். எதிர்வீட்டு நாயாக இருக்கும்.

ஜனவரி 20, சனி

நேற்று வெட்டியது போக எவ்வளவு மீதி என்று கோனை அளந்தேன். 14 மீட்டர்.

4-ஆம் தேதி தப்பாக அளந்திருக்கிறேன். வயதாகிறது.

ஜனவரி 23, செவ்வாய்

ஹசீனாவிடம் நேராகவே கேட்டேன், அக்கா எதில் நூற்றாள் என்று. இருபது வருடமாக வசந்தாவிடம் நூல் வாங்கியவள் அவள். பார்த்ததே இல்லையாம். மத்தியானம் மூன்றரை மணிக்குக் கோனோடு வந்து நிற்பாளாம், அவ்வளவுதான். அதுவும் எல்லா வாரமும் கிடையாது.

"நான் அவசரம்னு கேப்பனுங்கண்ணா. இந்த வாரம் முடியாது, மிஷினு வேலைக்குப் போயிருச்சும்பாங்க. சொல்லீட்டு அவங்களே சிரிச்சுக்குவாங்க."

ஆக, ஒரு மிஷின் இருந்திருக்கிறது. யாரோ ஒருவருடையது, இரவல் வாங்கியிருக்கிறாள். எந்த வாரம் இருக்கும், எந்த வாரம் இருக்காது என்று கேட்டேன். ஹசீனாவுக்கு ஞாபகமில்லை. பழைய ஆர்டர் நோட்டில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். மிஷின்காரரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஜனவரி 26, வெள்ளி

மிஷின்காரரை விசாரித்து நாலு தெரு அலைந்தேன். யாருக்கும் தெரியவில்லை. வந்து பகல் பதினொரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்தேன். மூன்றாவது ஷிப்ட்டில் ராத்திரி வேலை பார்த்துப் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது என்று அதற்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

எழுந்தபோது இடது முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ தடவியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். விபூதி.

நான் விபூதி பூசி எட்டு மாதமாகிறது.

ஜனவரி 28, ஞாயிறு

மைதிலி வந்திருந்தாள். முகம் தெளிவாக இருக்கிறது. நான் சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, இடது காலில் மட்டும் ஏன் முடியே இல்லை என்று கேட்டாள். எனக்கு ரொம்ப வருடம் அப்படித்தான் இருந்தது. கல்யாணமான நாலைந்து வருடத்தில் உதிர்ந்தது. மில் டாக்டர், ரத்த ஓட்டம் சரியில்லை என்று மாத்திரை கொடுத்தார். வசந்தா அந்த மாத்திரையைத் தினமும் மறக்காமல் எடுத்துக் கொடுப்பாள், கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். போன வருடம் அவள் போன பிறகு முடி திரும்ப முளைத்திருந்தது. மாத்திரை கடைசியில் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இப்போது மறுபடி வழவழவென்று இருக்கிறது. டாக்டரிடம் போக வேண்டும்.

ஜனவரி 29, திங்கள்

கோன்: 19 மீட்டர். இரண்டு முறை அளந்தேன்.

டப்பாவில் பஞ்சு குறைந்திருக்கிறது.

ஜனவரி 31, புதன்

கோனையும் டப்பாவையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் பூட்டினேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஹசீனா கைபேசியில் ஒரு படம் காட்டினாள். வடக்கே ஏதோ ஊரில் பெண்கள் பட்டை வெறும் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி நூற்கிறார்கள். வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்கிறார்கள். எந்தக் கருவியும் இல்லை. ஒவ்வொரு உருட்டாக, விட்டு விட்டு முறுக்கு ஏறுகிறது. இதுதான்.

வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு என் தொடையிலேயே உருட்டிப் பார்த்தேன். அறுபத்து மூன்று வயதில். அலை வந்தது. ஆனால் டெஸ்டரில் போட்டால் இரண்டு குறை. ஒன்று, நூலை நிமிர்த்திப் பிடித்தால் என் முறுக்கு இடப்பக்கம் சாய்கிறது. அவளுடையது வலப்பக்கம். படத்தில் எல்லாரும் செய்வதுபோல என்னைவிட்டு முன்னால் தள்ளி உருட்டினேன், அதனால் இடச்சாய்வு. வலச்சாய்வு வர வேண்டுமானால் தன்னை நோக்கி இழுத்து உருட்ட வேண்டும். அப்படியும் செய்து பார்த்தேன். ரோமத்துக்கு எதிர்த்திசை, சுரீரென்று எரிந்தது. தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான்.

இரண்டாவது குறை, ஒரு இழுப்பில் ஏறும் முறுக்கு போதவில்லை. அவள் நூலில் இருக்கிற முறுக்குக்கு ஒரு முழத்துக்கு மேல் தடையில்லாத நீளம் வேண்டும். வசந்தா நாலடி பத்தங்குலம். அவள் தொடையில் அந்த நீளம் கிடையாது.

பிப்ரவரி 4, ஞாயிறு

பூட்டிய பீரோவில் கோன் அதே 19 மீட்டர். காலில் விபூதி இல்லை. எல்லாம் என் குழப்பம்தான் என்று ஆறுதலாக இருந்தது.

ஆறுதலாக இருந்தது என்று எழுதியது பொய். நாலு நாளாக வீடு காலியாக இருக்கிறது.

பிப்ரவரி 5, திங்கள்

மைதிலிக்குக் காலையில் உதிரப் போக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஆனால் வளைகாப்பு வரை படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார்கள். முந்தைய இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது. கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரவிக்கை எவ்வளவு ஆச்சுங்கப்பா?" என்று கேட்டாள்.

முடிந்த மாதிரிதான் என்றேன்.

பிப்ரவரி 7, புதன்

ஹசீனா பழைய ஆர்டர் நோட்டோடு வந்தாள். வசந்தா நூல் கொடுத்த தேதிகள் இருந்தன. ஒரு வாரம் தினமும் நூல், அடுத்த இரண்டு வாரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு வாரம். பதினைந்து வருடம் அப்படியே. பிறகு ஐந்து வருடத்துக்கு முன் ஜூன் மாதத்திலிருந்து எல்லா வாரமும் நூல்.

"அந்த ஜூன்ல என்னக்கா, இப்பெல்லாம் தினமும் வருதேன்னு கேட்டனுங்கண்ணா. மிஷினு ரிட்டேர் ஆயிருச்சு, இனி வீட்டோடதான்னாங்க."

ஹசீனா போன பிறகு பழைய ஷிப்ட் அட்டையைத் தேடி எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் ஷிப்ட் ஒரு வாரம், இரண்டாவது ஒரு வாரம், மூன்றாவது ஒரு வாரம். மூன்றாவது ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்குக் கட்டையைப் போல விழுவேன். இடது காலை நீட்டி, வலது காலை மடக்கி. எழுந்து பார்க்கும்போது வசந்தா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். என்னடி இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

கால்மாட்டில் உட்கார்ந்து தன்னை நோக்கி இழுத்தால், என் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு. வலச்சாய்வு. ரோமத்தின் போக்கிலேயே போகும். எரியாது, கூசாது, தூங்குகிறவன் எழ மாட்டான். நீளமும் சரியாக இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன்.

மிஷின் நான்தான்.

அந்த நூலில் இருந்த கறுப்பு ரோமமும் என்னுடையதே. எதிர்வீட்டு நாயைச் சந்தேகப்பட்டது தப்பு.

சொல்லியிருந்தால் காலை உதறிக்கொண்டு திட்டியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். அவள் நூற்கிற நூல் எவ்வளவு சன்னம், என்ன கவுண்ட் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. மில்லில் யாரோ நூற்ற நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

பீரோவைத் திறந்தேன். கோன், டப்பா, ஒரு கிண்ணத்தில் விபூதி. மூன்றையும் கால்மாட்டில் வைத்தேன். வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு பதினொரு மணிக்குப் படுத்தேன். படபடப்பில் தூக்கம் சரியாகப் பிடிக்கவில்லை.

20 மீட்டர்.

பிப்ரவரி 9, வெள்ளி

மிஷின் நன்றாகத் தூங்கினால்தான் நூல் வரும் என்று தெரிகிறது. மூன்றாவது ஷிப்ட் மாதிரியே ராத்திரியெல்லாம் விழித்திருந்து விட்டுப் படுத்தேன். 25 மீட்டர். புதிய நூலைக் கண்ணாடியில் பார்த்தேன். வலச்சாய்வு. முறுக்கு எண்ணிக்கை பழைய நூலோடு அப்படியே பொருந்துகிறது. நடுவில் ஒரு ரோமம். இது நரைத்திருக்கிறது.

பிப்ரவரி 12, திங்கள்

39. ஹசீனாவிடம் தைக்கத் தொடங்கச் சொல்லிவிட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கீங்கண்ணா கெடச்சுது?" என்றாள். மிஷின் கிடைத்துவிட்டது என்றேன். நூலை மூக்கருகே கொண்டுபோனவள், சட்டென்று முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 14, புதன்

இன்று தப்புச் செய்துவிட்டேன். தூங்குகிற மாதிரி கிடந்து, கண்ணை ஒரு கீற்று திறந்து பார்த்தேன். ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. கால்மாட்டில் மெத்தை மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது மெல்ல மேலே எழும்பி மட்டமாயிற்று. பஞ்சு தரையில் கிடந்தது. நூல் அறுந்திருந்தது.

ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. நாளை முதல் கண் திறக்கக் கூடாது. ஓடுகிற மிஷின் தலையைத் தூக்கிப் பார்க்காது.

பிப்ரவரி 15, வியாழன்

நூல் இல்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

நூல் இல்லை. மைதிலிக்கு வலி இல்லையாம். இன்னும் ஆறு நாள்.

வெறும் கட்டிலைப் பார்த்து, இனிமேல் பார்க்க மாட்டேன் வசந்தா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிப்ரவரி 17, சனி

44.

பிப்ரவரி 20, செவ்வாய்

57. எல்லாவற்றையும் ஹசீனாவிடம் கொடுத்தேன். மாலையில் சொல்லி அனுப்பினாள்: ஒரே ஒரு பழம் பாக்கி, மூன்று மீட்டர் போதும்.

பிப்ரவரி 21, புதன்

டப்பாவில் கடைசியாக ஒரு கை பஞ்சு. அதை வைத்துவிட்டுப் படுத்தேன். ராத்திரியெல்லாம் விழித்திருந்து பார்த்தும் தூக்கம் வரவில்லை. நாளைக்கு வளைகாப்பு என்ற நினைப்பு. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டேன்.

மெத்தை அமுங்கியது. விபூதியின் குளிர்ச்சி காலில் பட்டது. பிறகு விரல்கள். அவள் விரல்கள்தான், ஊசி குத்திக் காய்த்த ஆள்காட்டி விரல் எனக்குத் தெரியாதா? உருட்டத் தொடங்கினாள். இன்று ரொம்பக் கூசியது. இத்தனை வருடம் இதிலா தூங்கினேன் என்று ஆச்சரியமாக இருந்தது. கால் தானாகத் துள்ளப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி கிடந்தேன். மூன்று மீட்டர் ஆகட்டும், மைதிலிக்கு ஆகட்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் கை கணுக்காலைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் போயிற்று, அப்போதும் திறக்கவில்லை. பிறகு மெத்தை எழும்பியது.

மூன்று மீட்டரும் ஒரு சாண் நூலும். ஓடிப்போய் ஹசீனாவிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. மைதிலி அந்த ரவிக்கையைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது, நான் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் மாதுளை. எது பழைய நூல், எது புது நூல் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தை நன்றாக உதைக்கிறதாம்.

இடது கையைத் திருப்பிப் பார்த்த மைதிலி மட்டும், "கடைசிப் பழம் மட்டும் வேற மாதிரி மின்னுதுங்கப்பா. நல்லா இருக்குது" என்றாள். அவளுக்கு அவள் அம்மா கண்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஹசீனா மிச்சமான ஒரு சாண் நூலைத் திருப்பிக் கொடுத்தாள். பழக்கதோஷம், டெஸ்டரில் மாட்டினேன். முறுக்கு எண்ணிக்கை சரி. சாய்வு இடப்பக்கம்.

மூன்று முறை மாட்டிப் பார்த்தேன். இடப்பக்கம்தான்.

கடைசி மூன்று மீட்டரையும் அவள் தன்னை நோக்கி இழுக்கவில்லை. கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு, மேல்நோக்கித் தள்ளி உருட்டியிருக்கிறாள். ரோமத்தின் போக்குக்கு எதிராக. நான் விழித்துவிடுவேன் என்று முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் ஒருநாள்கூட அவள் செய்யாதது அது.

என்னை எழுப்பப் பார்த்திருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, சனி

பஞ்சு இல்லை. வெறும் கோனையும் விபூதியையும் கால்மாட்டில் வைத்துவிட்டு, பதினொன்றிலிருந்து மூன்று வரை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தேன்.

மார்ச் 9, சனி

இடது காலில் ரோமம் முளைத்திருக்கிறது.